இல்லையெனில்...?

நுழையும்முன்

கணினி நிரல் என்றவுடன் திரையும் விசைப்பலகையும் அறிமுகமில்லாத குறியீடுகளும் நம் கண்முன் தோன்றுகின்றன. அவை யாவும் கருவிகளே. ஒரு செயலைப் படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் நேரக்கூடியவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதே நிரலாக்கத்தின் உயிர்நாடி. ‘எனில்’, ‘இல்லையெனில்’ என்னும் இரு சொற்களின் வழியாக அப்பயிற்சியையும், அதனோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளியில் மதிப்பெண் பட்டியலை முதன்முறையாகக் கணினியில் உருவாக்கினோம். பல நாள்கள் கையால் எழுதிக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை சில நொடிகளில் முடிந்தது. அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால், ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே கணிதப் பாடத்தில் ‘தேர்ச்சி பெறவில்லை’ என்று அச்சாகியிருந்தது. அம்மாணவி கணிதத் தேர்வை எழுதவே இல்லை. அம்மை கண்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. கணினி அவ்வெறுமையைச் சுழியம் எனக் கொண்டது. சுழியம் 35ஐவிடக் குறைவு என்று கண்டது. தனக்குச் சொல்லப்பட்டிருந்த முடிவை அச்சிட்டது.

“கணினி தவறு செய்துவிட்டது” என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். எண்ணிப் பார்த்தால், கணினி ஒரு தவறும் செய்யவில்லை. ‘35க்குக் குறைவு எனில் தேர்ச்சி இல்லை, இல்லையெனில் தேர்ச்சி’ என்று மட்டுமே நாங்கள் விதி வகுத்திருந்தோம். தேர்வுக்கு வராதவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்பதை எண்ணவில்லை. நோயுற்றவர்க்கு மறுதேர்வு உண்டு என்பது எங்கள் அனைவருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டவர்கள் நாங்களே. பட்டியலை மறுநாளே திருத்திவிட்டோம். எனினும், அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்து நின்ற அவள் முகம் இன்றும் நினைவில் உள்ளது.

நிரல் எழுதப் புகும் மாணவர் முதலில் கற்க வேண்டியது எந்தக் கணினிமொழியும் அன்று, ‘இல்லையெனில் என்ன?’ என்று கேட்கும் பழக்கமே என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து.

நெறிமுறை என்பது யாது?

ஒரு செயலைச் செய்து முடிப்பதற்கான படிகளை வரிசைப்படுத்திக் கூறுவது நெறிமுறை. இதனை அல்காரிதம் என்றும் வழங்குவர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரே இலத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று. இந்திய எண்முறையில் கணக்கிடும் வழிகளை விளக்கி அவர் எழுதிய நூல், இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே ஐரோப்பாவில் பரவியது. கணினி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தவரின் பெயர், இன்று கணினி அறிவியலின் அடிப்படைச் சொல்லாக நிலைத்திருக்கிறது.

அவருக்கும் முந்தியது யூக்ளிடின் வழிமுறை. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் அவ்வழியைப் பத்தாம் வகுப்பில் கற்றிருப்பீர்கள். 84, 30 ஆகிய எண்களை எடுத்துக்கொள்வோம். 84ஐ 30ஆல் வகுத்தால் மீதி 24. மீதி சுழியம் இல்லை, எனவே 30ஐ 24ஆல் வகுக்கிறோம், மீதி 6. இதுவும் சுழியம் இல்லை, 24ஐ 6ஆல் வகுக்கிறோம், மீதி சுழியம். இறுதியாக வகுத்த எண்ணாகிய 6 விடை.

இச்சிறு கணக்கில் நல்ல நெறிமுறையின் மூன்று இயல்புகளைக் காணலாம். ஒவ்வொரு படியும் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. படிகளுக்கு ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றினும் முதன்மையாக, மீதி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவதால், இது என்றேனும் ஒருநாள் முடிந்தே தீரும். முடிவில்லாத வழிமுறை, ஊர் போய்ச் சேராத பாதையை ஒக்கும்.

இவ்வழிமுறையின் அச்சாணியாக விளங்குவது ‘மீதி சுழியமா?’ என்னும் வினா. ஆம் எனில் நிறுத்துக. இல்லையெனில் மீண்டும் வகுக்க. இவ்வாறு வினாவின் விடையைப் பொறுத்து வழி பிரிவதை நிபந்தனை என்கிறோம். நிபந்தனை இல்லாத நெறிமுறை, சுவர் வந்தாலும் நேராகவே நடப்பவனைப் போன்றது.

நன்னூலில் ஒரு நிபந்தனை

நிபந்தனைகளை அடுக்கிச் சிந்திப்பது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் உடம்படுமெய் விதியை எண்ணிப் பாருங்கள். நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நின்றால், அவற்றை இணைக்க இடையே ஒரு மெய் தோன்றும். ஈறு இ, ஈ, ஐ எனில் யகரம் தோன்றும். ஏகாரம் எனில் யகரமோ வகரமோ தோன்றும். ஏனைய உயிர்கள் எனில் வகரம் தோன்றும். மணி + அழகு = மணியழகு; சே + அடி = சேயடி, சேவடி; திரு + அருள் = திருவருள்.

இவ்விதியை ஒரு கணினிக்குக் கற்பிப்பதாகக் கொள்வோம். ‘திரு’ என்பது உகரத்தில் முடிகிறது; உகரம் ‘ஏனைய உயிர்’; எனவே வகரம் தோன்றித் ‘திருவருள்’ ஆயிற்று. சரி. அடுத்து, ‘காடு + எல்லாம்’ என்று கொடுத்தால் என்னாகும்? கணினி அதே விதியைப் பின்பற்றிக் ‘காடுவெல்லாம்’ என்று எழுதும்! ‘காடு’ என்பதன் ஈறு குற்றியலுகரம். உயிர் வந்தால் அவ்வுகரம் கெட்டுக் ‘காடெல்லாம்’ எனப் புணரும் என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை. ஆகவே, படிகளை இவ்வாறு அமைக்க வேண்டும்.

படி 1: நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் உயிரா? இல்லையெனில், இவ்விதி பொருந்தாது, நிறுத்துக.
படி 2: நிலைமொழி ஈறு குற்றியலுகரம் எனில், உகரத்தை நீக்கிச் சேர்த்து நிறுத்துக.
படி 3: இல்லையெனில், ஈறு இ, ஈ, ஐ ஆகியவற்றுள் ஒன்று எனில், யகரம் இட்டு நிறுத்துக.
படி 4: இல்லையெனில், ஈறு ஏ எனில், யகரமோ வகரமோ இட்டு நிறுத்துக.
படி 5: இல்லையெனில், வகரம் இட்டு நிறுத்துக.

இங்கு இரண்டு செய்திகளை உற்றுநோக்குங்கள். முதலாவது, வரிசை. குற்றியலுகரம் பற்றிய வினாவை இரண்டாம் படியிலிருந்து எடுத்து இறுதியில் வைத்தால், ‘காடு’ ஐந்தாம் படியிலேயே அகப்பட்டுக்கொள்ளும். நம் வினா அதனைச் சென்றடையாது. சிறப்பு விதியை முன்னும் பொது விதியை அதன் பின்னும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தெளிவு. ஏகாரத்தின்பின் எந்த மெய்யை இடுவது என்பதைத் தமிழறிந்தவரின் செவி தேர்ந்துகொள்ளும். கணினிக்குச் செவியில்லை. நான்காம் படியில் யகரமா, வகரமா என்பதை நிரல் எழுதுபவரே முடிவுசெய்தாக வேண்டும். அவர் முடிவுசெய்யாது விட்ட இடத்தில் கணினி திகைத்து நிற்கும், அல்லது தவறும்.

ஒரு சொல்லில் மாறும் முடிவு

நிபந்தனைகளை இணைக்கும் சொற்கள் இன்னும் நுட்பமானவை. ஒரு பாடத்தில் எழுத்துத்தேர்வில் குறைந்தது 15, மொத்தத்தில் குறைந்தது 35 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்று விதி இருப்பதாகக் கொள்வோம். எழுத்துத்தேர்வில் 12, செய்முறையில் 18, அகமதிப்பீட்டில் 10 எனப் பெற்ற ஒருவரின் மொத்தம் 40. இரு நிபந்தனைகளையும் ‘மற்றும்’ என்று இணைத்தால் அவர் தேர்ச்சி பெறவில்லை. ‘அல்லது’ என்று இணைத்தால் தேர்ச்சி பெறுகிறார். விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விதியில் ஒரு சொல் மாறியது, முடிவு தலைகீழாயிற்று.

இன்னொருவர் எழுத்துத்தேர்வில் 15, செய்முறையில் 12, அகமதிப்பீட்டில் 8 பெற்று, மிகச் சரியாக 35 மதிப்பெண்ணில் நிற்கிறார். ‘35 அல்லது அதற்கு மேல்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘35க்கு மேல்’ என்று எழுதிவிட்டால் அவர் தோற்றுப்போவார். 34லும் 36லும் சரியாக இயங்கும் நிரல் 35இல் மட்டும் தவறும். எனவேதான், எல்லையில் நிற்கும் எண்களைக் கொடுத்து நிரலைச் சோதிக்க வேண்டும் என்கிறோம். எல்லையில் நிற்பவை பட்டியலில் வெறும் எண்கள். வாழ்க்கையில் அவர்கள் மனிதர்கள்.

‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ ஆகியவற்றைக் கொண்டு சிந்தனையைக் கணிதமாக்க முடியும் என்பதை ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1854இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். மெய், பொய் என்னும் இரு மதிப்புகளைக் கொண்ட கணினித் தருக்கம் இன்றும் அவர் பெயராலேயே ‘பூலியன்’ என வழங்கப்படுகிறது.

நின்றுபோன கருவிகள்

விடுபட்ட ஒரு வழி எவ்வளவு தூரம் சென்று தாக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அதனை விளங்கிக்கொள்ள, நாள்காட்டியை முதலில் பார்க்க வேண்டும்.

பூமி கதிரவனைச் சுற்றிவரும் ஆண்டின் அளவு ஏறத்தாழ 365.2422 நாள்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டிய பழைய நாள்காட்டியில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 மணித்துளிகள் மிகுந்து, நூற்றாண்டுகள் கடந்தபோது அது நாள்களாகத் திரண்டது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளை அடுத்து அக்டோபர் 15ஆம் நாள் வந்தது. புதிய விதி இது: ஆண்டு 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு, இல்லையெனில், 100ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு அன்று, இல்லையெனில், 4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு, இல்லையெனில், சாதாரண ஆண்டு. எனவே 2000 லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டு அன்று. 2100ஆம் ஆண்டும் லீப் ஆண்டாக இராது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘ஸூன்’ என்னும் கையடக்க இசைக்கருவியை 2006இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008 டிசம்பர் 31 அன்று, அதன் 30 ஜிகாபைட் வகைக் கருவிகள் உரியவர் கைகளில் உறைந்து நின்றன. காரணம் ஒரு நிபந்தனை. 1980 ஜனவரி முதல் நாளிலிருந்து கடந்த நாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஆண்டைக் கண்டறிய, அக்கருவியினுள் ஒரு மடக்கு இருந்தது. ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சில படிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதே மடக்கு. அதன் கருத்து வருமாறு:

நாள்களின் எண்ணிக்கை 365ஐவிட மிகுதியாக உள்ளவரை மீண்டும் மீண்டும் செய்க:
அது லீப் ஆண்டு எனில், நாள்கள் 366ஐவிட மிகுதி எனில், 366ஐக் கழித்து அடுத்த ஆண்டிற்குச் செல்க;
அது லீப் ஆண்டு இல்லையெனில், 365ஐக் கழித்து அடுத்த ஆண்டிற்குச் செல்க.

படித்துப் பார்த்தால் குறையேதும் தோன்றவில்லை அல்லவா? 2008 ஒரு லீப் ஆண்டு. அதன் இறுதி நாள் 366ஆம் நாள். 366 என்பது 365ஐவிட மிகுதி. எனவே மடக்கினுள் நுழைகிறது. லீப் ஆண்டா? ஆம். 366ஐவிட மிகுதியா? இல்லை. இல்லையெனில் என்ன செய்வது? அதை எவரும் எழுதவில்லை. நாள்களின் எண்ணிக்கை குறையாமல் 366ஆகவே நிற்க, கருவி அதே வினாவை மீண்டும் மீண்டும் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. யூக்ளிடின் வழிமுறையில் மீதி ஒவ்வொரு முறையும் குறைந்ததை நினைவுகூருங்கள். இங்கு எதுவும் குறையவில்லை.

மின்கலம் முழுவதும் தீர்ந்தபின், மறுநாள் மீண்டும் மின்னேற்றினால் கருவி இயங்கும் என்பதே அப்போது கூறப்பட்ட தீர்வு. ஆண்டு பிறந்ததும் 366 என்பது 367 ஆயிற்று, வழி திறந்தது. ‘இல்லையெனில், மடக்கைவிட்டு வெளியேறுக’ என்னும் ஒரே வரி இருந்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. கருவி வெளிவந்த பின்னர் ஒரு லீப் ஆண்டின் கடைசி நாள் வந்தது அதுவே முதன்முறை. அதனால் குறை ஈராண்டுகள் மறைந்தே கிடந்தது.

பாடல் ஒருநாள் ஒலிக்காமற்போவதால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆனால், உதவித்தொகை யாருக்கு, ஓய்வூதியம் யாருக்கு, சலுகை யாருக்கு என்று பிரித்துத் தரும் நிரல்களும் இதே ‘எனில்’களால் ஆனவையே. அவற்றில் விடுபட்டவர் மின்கலம் தீரும்வரை காத்திருந்தால் போதாது.

தாளிலிருந்து தொடங்குவோம்

“நிரலாக்கம் கணினி அறிவியல் பிரிவினர்க்கு உரியது, மற்றவர்க்கு அது எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. நிரல் எழுதுவது சிலரது தொழிலாக இருக்கலாம்; நிரல் எடுத்த முடிவுக்கு ஆட்படுவது எல்லாருடைய வாழ்க்கை. “என் விண்ணப்பம் எந்த நிபந்தனையால் தள்ளப்பட்டது?” என்று கேட்கத் தெரிந்த குடிமகன், “கணினி ஏற்கவில்லை” என்னும் விடையோடு வீடு திரும்பமாட்டான். ஆகவே, கலைப்பிரிவு மாணவர்க்கும் வணிகவியல் மாணவர்க்கும் இப்பயிற்சி வேண்டும் என்பேன்.

“கணினியே நிரல் எழுதித் தரும் காலம் வந்துவிட்டதே, இனிக் கற்பானேன்?” என்பது மற்றொரு வினா. எழுதும் வேலை குறையலாம். எதை எழுத வேண்டும் என்று சொல்வதும், எழுதித் தந்ததில் யார் விடுபட்டார் என்று பார்ப்பதும் நம்மிடமே இருக்கும். அம்மை கண்ட மாணவியை நாங்கள் மறந்த பட்டியலை, எத்தனை விரைவாக எழுதித் தந்திருந்தாலும் அவள் விடுபட்டேயிருப்பாள்.

“எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே” என்று தயங்கும் மாணவர்க்கு ஒன்று சொல்வேன். சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலையில் உள்ள சிறப்புச் சொற்கள் 32 மட்டுமே. அவற்றை ஒரு வாரத்தில் மனத்தில் இருத்தலாம். தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதும் ‘எழில்’ என்னும் மொழியும் உருவாக்கப்பட்டிருக்கிறது. அரிதாக வாய்ப்பது சிந்தனைத் தெளிவு. அதனைத் தாய்மொழியில் பழகுவதே எளிது. ‘மழை பெய்தால் விளையாட்டு இல்லை’, ‘மழை பெய்தாலும் தேர்வு உண்டு’ ஆகிய இரு தொடர்களை ஒப்பிடுங்கள். முதல் தொடரில் மழை ஒரு நிபந்தனை. இரண்டாவதில் ‘உம்’ வந்தவுடன் மழைக்கும் தேர்வுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தேர்வு நடக்கும். ‘உம்’மின் பொருள் உணர்ந்த மாணவர், எதை நிபந்தனைக்கு உள்ளே எழுதுவது, எதை வெளியே எழுதுவது என்பதையும் உணர்வார்.

கணினி இல்லையே என்று வருந்தவும் வேண்டா. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. எனினும், அப்பொறி பெர்னோலி எண்களைக் கணக்கிடுவதற்கான படிகளை அடா லவ்லேஸ் 1843இல் தாளில் வகுத்து வெளியிட்டார். முதல் நிரல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. இயங்க ஒரு பொறி இல்லாதபோதே ஒருவரால் நிரல் எழுத முடிந்தது என்றால், நமக்கு ஒரு தாளும் எழுதுகோலும் தொடக்கத்திற்குப் போதும்.

நெறியும் முறையும்

அல்காரிதத்தை நாம் ‘நெறிமுறை’ என்கிறோம். நெறி என்பதற்கு வழி என்றும் ஒழுக்கம் என்றும் தமிழில் பொருள் உண்டு. வழியைச் சரியாக வகுத்தால் நிரல் இயங்கும். அவ்வழியில் நடக்கவிருக்கும் ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்த்து வகுத்தால் அது நேர்மையாகவும் இயங்கும். முதலாவதைக் கணினி சோதித்துச் சொல்லிவிடும். இரண்டாவதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘எனில்’ என்று எழுதும்போது, நாம் எதிர்பார்த்தவரை எண்ணுகிறோம். ‘இல்லையெனில்’ என்று எழுதும்போது, எதிர்பாராதவரையும் எண்ணுகிறோம். நீங்கள் எழுதும் முதல் நிரல் ஐந்து வரியாக இருந்தாலும், அதில் ஒரு வரி அந்த எதிர்பாராதவருக்காக இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி நூலகத்தில் நூல் வழங்குவதற்கான நெறிமுறையைத் தமிழில் படிகளாக எழுதுக. நூல் கிழிந்திருந்தால், அட்டையைத் தொலைத்திருந்தால், நூலை வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி அமைக்க.

2. லீப் ஆண்டு விதியில் ‘4ஆல் வகுபட்டால்’ என்னும் நிபந்தனையை முதலில் வைத்தால் 1900, 2000, 2008 ஆகிய ஆண்டுகளுக்கு என்ன விடை கிடைக்கும்? காரணத்துடன் விளக்குக.

3. “கணினி ஒருபோதும் தவறுவதில்லை; விதி வகுப்பவரே தவறுகிறார்” – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் கலந்துரையாடுக.